சாளரத்தின் இப்புறம்: பொறிகள் வந்த பின்னர்

சென்ற இதழில், பொங்கலுக்கு ஊர் செல்ல விரும்புவோர் அறுபது நாட்களுக்கு முன்னரே இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், முன்பிருந்த நூற்றிருபது நாள் கெடு 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து குறைக்கப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தேன். அதைப் படித்த லக்கசந்திரா அன்பர் ஒருவர் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டிலேயே என்னை நிறுத்தி, “ஐயா, சீட்டுக் கொடுக்கும் வேலையைக் கைப்பேசியே செய்துவிடுகிறதே, இன்னும் பத்தாண்டு கழித்து நீங்கள் எந்த நாற்காலியில் அமர்ந்திருப்பீர்கள்? அது போகட்டும், எங்கள் பிள்ளைகளை எந்த வேலைக்கென்று படிக்க வைப்பது? இதையும் கொஞ்சம் எழுதுங்கள்” என்று கேட்டார். முதல் வினா சற்றே சுருக்கென்று தைத்தது. இரண்டாவது வினா அதைவிடப் பெரிது. இரண்டையும் மனத்திற் கொண்டே இத்திங்கள் எழுத அமர்ந்தேன்.

பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எழுதவேண்டிய பொருள் இது என்பதை யான் அறியாமலில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பணியிலிருக்கும்போதே தந்தையார் காலமானதால் கருணை அடிப்படையில் வேலை பெற்றவன் யான். ஆயினும் சாளரத்தின் இப்புறம் அமர்ந்து பதினைந்து ஆண்டுகளாக மனிதரையும் பொறியையும் ஒருங்கே பார்த்து வருகிறேன். அந்த அளவில் சொல்ல எனக்கும் சில உண்டு. (இப்பகுதியில் ‘புகைவண்டி’ என்றே எழுதி வருகிறேன். புகை போய்ப் பல்லாண்டுகள் ஆயின. பெயர்தான் இன்னும் போகவில்லை. இதனைக் குறைகூறி எழுதிய இளைஞர்க்கு இதுவே விடை.)

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த எழுத்தர் ஒருவர், ஓய்வு பெறும் நாள்வரை பேரேட்டுக் காலத்தைப் பற்றிப் பேசிச் சலிக்காதவர். அந்நாளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேரேடு. ஒவ்வொரு பேரேட்டுக்கும் ஒரு சாளரம். சென்னை வண்டிக்கு ஒரு வரிசை, திருவனந்தபுரம் வண்டிக்கு வேறொரு வரிசை. தவறான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவர் மீண்டும் முதலிலிருந்து நிற்க வேண்டியதுதான். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமாயின் அவ்வூர் நிலையத்துக்குத் தந்தி போகும். விடை சில நாட்களில் வந்தாலும் வரும், வாராமற் போனாலும் போகும். பேரேட்டில் எழுதாத இடங்கள் சில எழுத்தர்களின் உள்ளங்கையில் எழுதப்பட்டிருக்கும் என்று பயணிகள் முணுமுணுப்பதும் உண்டாம். அது முழுவதும் பொய்யன்று என்று அப்பெரியவரே ஒப்புக்கொள்வார்.

1985-இல் புதுடில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கிற்று. மறு ஆண்டே அதற்கெனப் புகைவண்டித் தகவல் அமைப்பு மையம் ஒன்றை நிறுவினர். 1999-இல் நாட்டிலுள்ள முன்பதிவு நிலையங்கள் யாவும் ஒரே வலையில் இணைந்தன. அதன் பின்னர் பெங்களூரில் நின்றுகொண்டே ஈரோட்டிலிருந்து காசிக்கு இடம் கேட்கலாயிற்று. எந்த வண்டிக்கும் எந்தச் சாளரம் என்று ஆயிற்று.

அப்போதும் அச்சம் இருந்தது. அதற்கும் முன்னரே, 1960-களில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கல்கத்தா அலுவலகத்துக்குக் கணிப்பொறி வருவதை எதிர்த்து ஊழியர் பெரும் போராட்டம் நடத்தினர். வங்கிகளிலும் அவ்வெதிர்ப்பு நெடுநாள் இருந்தது. எங்கள் துறையிலோ நிகழ்ந்தது வேறு. வண்டிகள் பெருகின, பயணிகள் அவற்றினும் பெருகினர், சாளரங்களும் கூடின. எழுத்தர் பேரேட்டை இழந்தார், நாற்காலியை இழக்கவில்லை. உள்ளங்கைப் பேரேடும் போயிற்று. அதற்காக வருந்தியவர் சிலரே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002-இல் வலைத்தளம் வழியே சீட்டு விற்கத் தொடங்கினர். தொடக்கத்தில் அச்சிட்ட சீட்டு அஞ்சலாள் கையில் வீடு தேடி வரும். சில ஆண்டுகளில் அதுவும் வேண்டாமற் போயிற்று. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவ்வழியேதான் விற்பனையாகின்றன. முன்பதிவில்லாச் சீட்டுக்கும் கைப்பேசிச் செயலி உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி 2025 ஜூலையில் ‘ரெயில்ஒன்’ என்ற செயலியும் வந்துவிட்டது. பேரேடு போனபோது நிலைத்த நாற்காலி, இம்முறை மெய்யாகவே ஆடுகிறது. எங்கள் நிலையத்தில் (அதன் பெயர் இங்கு வேண்டா) யான் பணியேற்றபோது திறந்திருந்த சாளரங்களுள் பாதிதான் இன்று திறந்திருக்கின்றன.

இதிலிருந்து யான் உணர்ந்தது ஒன்று. “கணிப்பொறி வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள், ஒன்றும் ஆகவில்லையே” என்று நம்மவர் ஆறுதல் கூறுவதுண்டு. ஒரே பொறி முதல் முறை வரும்போது வேலையைப் பெருக்கி, இருபதாண்டு கழித்து வேறு உருவில் வரும்போது அதே வேலையை விழுங்கவும் கூடும். முன்பு ஒன்றும் ஆகவில்லை என்பது இனி ஆகாது என்பதற்குச் சான்றாகாது.

நிற்க. சென்ற ஆண்டு சில வாரங்கள் எனக்கு ஒரு புதுப்பணி தந்தனர். நிலையத்து முகப்பில் நிற்கும் சீட்டு விற்கும் பொறியின் அருகே நின்று, அதனை இயக்கும் முறையைப் பயணிகளுக்குப் பழக்கிவிட வேண்டும். என்னை வேண்டாதபடி செய்துகொள்ள என்னையே ஆசிரியனாக நிறுத்தினர் என்று நண்பர்கள் கேலி செய்தனர். யானும் சிரித்தேன். அன்று இரவு உறக்கம் வரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்நாட்களில் ஒரு காலை, ஆடுகோடியில் பூ விற்கும் முதியவள் ஒருத்தி வந்தாள். திருப்பத்தூர்ப் பக்கத்தவள். திங்களுக்கு ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய் வருபவளாதலின் எனக்கு நெடுநாள் பழக்கம். அவளைப் பொறியின் முன்னே நிறுத்தினேன். கண்ணாடித் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தம்பி, நீயே குடுத்துடு. இதுகிட்ட என்னான்னு கேக்கறது?”

“ஒன்றும் கேட்க வேண்டாம் அம்மா. ஊர்ப் பெயரைத் தொட்டால் போதும்.”

“எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்பா உன்னாண்ட வந்து நிக்கறேன்?”

அதற்கு என்னிடம் விடை இல்லை. மேலும், அந்தப் பொறி ரொக்கம் வாங்காது. அவளிடமோ சேலைத் தலைப்பில் முடிந்த நோட்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. முந்திய திங்கள் யாரோ ஓர் இளைஞன் இரக்கப்பட்டுத் தன் கைப்பேசியால் அவளுக்குச் சீட்டு எடுத்துத் தந்தானாம். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் எடுத்தது சாதாரண விரைவு வண்டிச் சீட்டு; அவள் ஏறியதோ அதிவிரைவு வண்டி. அதற்கு மேற்கட்டணம் உண்டென்பதை அவனும் அறியான், அவளும் அறியாள். பரிசோதகர் தண்டம் விதித்தார். அன்றைய பூ விற்ற பணம் முழுவதும் அதற்கே போயிற்று.

இந்நிகழ்ச்சியை யான் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. பொறி பிழை செய்யவில்லை, கேட்டதைக் கொடுத்தது. இளைஞனும் நல்லெண்ணத்தோடுதான் செய்தான். ஆனால் சாளரத்தில் அவள் வந்து நின்றிருந்தால், “அம்மா, இப்போது வருவது அதிவிரைவு வண்டி; அடுத்ததில் போனால் காசு குறைவு; சாயங்காலமே திரும்புவதானால் திரும்புஞ் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருப்பேன். இந்தச் சொற்களுக்குத் துறையின் எந்தக் கணக்கிலும் தலைப்பு இல்லை. ஓர் எழுத்தர் ஒரு மணிக்கு எத்தனை சீட்டு விற்றார் என்று எண்ணுகிறார்கள். எத்தனை பேரைத் தவறான வண்டியில் ஏறாமல் தடுத்தார் என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணப்படாதது முதலில் மறைகிறது. பொறியைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கைப்பேசியில் சீட்டு எடுக்கத் தெரிந்தவர்க்கு அது பெரும் வசதி. யானே என் தங்கைக்கு அவ்வாறுதான் எடுக்கிறேன்.

இனி நம் ஆடுகோடிக்கு வருவோம். ஓசூர்ச் சாலையில் நாம் நாள்தோறும் கடந்துபோகும் நெடுஞ்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது நம்மவர் எல்லாரும் ‘மைக்கோ’ என்று வழங்கிய தொழிற்சாலை, அச்சுவருக்கு உள்ளேதான் வளர்ந்தது. வண்டி எஞ்சினுக்கான தீப்பொறிச் செருகிகளும், டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் செலுத்தும் பம்புகளும் அங்கே உருவாயின. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைக்கு மைக்கோவில் இடம் கிடைத்ததென்றால் அவ்வீட்டில் பெண் கொடுக்கப் போட்டி இருந்த காலம் ஒன்றுண்டு என்று மூத்தோர் சொல்வர். 2008-இல் அதன் பெயர் பாஷ் என்று மாறிற்று. பின்னர் உற்பத்தி வேலை நகருக்கு வெளியே பிடதிக்குச் சென்றது. 2022 ஜூன் 30-இல் அதே இடம், எழுபத்தாறு ஏக்கரில், ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் அமர்ந்து பணிசெய்யத் தக்க தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. எண்ணூறு கோடி ரூபாய் செலவு என்றனர்.

கவனிக்க வேண்டியது இது: வேலை அந்த இடத்தை விட்டு ஓடிவிடவில்லை. அதே சுவர், அதே வாயில், உள்ளே செல்வோரும் பல்லாயிரவர். ஆனால் உள்ளே செல்வோர் வேறு மக்கள். கடைசல் பொறியில் எஃகை மயிரிழையளவு சீவக் கற்ற கை, கணிப்பொறி நிரல் எழுதும் கையாகத் தானே மாறிவிடுவதில்லை. அத்தகைய தந்தைக்கு அவ்வாயிலில் வேலை முடிந்தது. அவ்வீட்டு மகனோ மகளோ பொறியியல் படித்திருந்தால் அதே வாயிலில் வேலை தொடங்கிற்று. படிக்காத பிள்ளை அவ்வளாகத்துக்கு உணவுப்பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மூவரும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்; பெயர் சொல்ல வேண்டுவதில்லை.

இதைவிடப் பழைய பாடம் ஒன்று நம் இனத்தார் வரலாற்றிலேயே உண்டு. அது கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்துப் பகுதிகளிலிருந்தும் சென்ற தமிழரே. காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின்னாற்றல் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, 1902-இல் அச்சுரங்கங்களுக்குக் கொண்டுசென்றனர். அக்காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின்கம்பித் தொடர்களுள் அதுவும் ஒன்று. திட்டத்துக்கு வித்திட்டவர் திவான் சேஷாத்திரி ஐயர். அது நிறைவேறுமுன்னே 1901-இல் மறைந்துவிட்டார். பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905 ஆகஸ்ட் 5-ஆம் நாள். ஆக, தலைநகரம் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தபோதே, தமிழ்த் தொழிலாளி உழைத்த சுரங்கத்துக்கு மின்சாரம் போய்விட்டது. ‘புதிய தொழில்நுட்பம்’ என்று இன்று பேசுகிறார்களே, அதன் முதல் வரிசையில் நம்மவர் நின்றது 120 ஆண்டுகளுக்கு முன்னர்.

அம்மின்சாரம் வேலையைக் குறைத்ததா? இல்லை. நீராவி எஞ்சின்களின் இடத்தை அது பிடித்தது. சுரங்கம் மேலும் ஆழமாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. ஆழம் கூடக்கூட வெம்மை கூடிற்று, பாறை வெடிப்பும் கூடிற்று. உயிரிழந்தோரும், நுரையீரலிற் கல்தூசு படிந்து நொந்தோரும் பலர். மின்சாரம் தந்த வேலை அது. இறுதியில் அவ்வேலையைப் பறித்தது எந்தப் பொறியும் அன்று. மண்ணில் தங்கம் குறைந்தது. எடுக்கும் செலவு, எடுத்த தங்கத்தின் விலையை விஞ்சிற்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்களை மூடினர்.

அதன் பின்னர் நிகழ்ந்ததை யான் எந்த நூலிலும் படிக்க வேண்டியதில்லை. மாரிகுப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியுமுன் புறப்படும் வண்டிகள் ஆயிரக்கணக்கானோரை நாள்தோறும் பெங்களூருக்குக் கொண்டுவந்து கொட்டுகின்றன. இரவில் திரும்ப ஏற்றிச் செல்கின்றன. பருவச் சீட்டுப் புதுப்பிக்க வரும்போது அவர்களோடு பேசுவேன். ஒருவர் கட்டடக் காவலாளி. ஒருவர் மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வரும் ஓர் இளம்பெண் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவள். மூவரும் சுரங்கத் தொழிலாளியின் மக்களே. சுரங்கம் மூடியபோது இருபது வயதானவன் எப்படியோ ஒரு வழி கண்டான். அப்போது நாற்பத்தைந்து வயதானவர் மட்டும் என் சாளரத்துக்கு வந்ததே இல்லை. அவர் எங்கே என்று ஒருவரைக் கேட்டேன். “அப்பா அதுக்கப்புறம் வேலைக்கே போகலீங்க. வீட்டு வாசல்ல உக்காந்துட்டாரு” என்றார்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் தொலைபேசி இணைப்பைக் கையால் பொருத்தித்தரும் வேலையில் இலட்சக்கணக்கான இளம்பெண்கள் இருந்தனர். எண்ணைச் சுழற்றினால் தானே இணைக்கும் பொறி வந்ததும், 1920 முதற்கொண்டு நகரம் நகரமாக அவ்வேலை மறைந்தது. பிற்காலத்தில் பொருளாதார அறிஞர் இருவர் மக்கட்டொகைக் கணக்கேடுகளைத் துருவிப் பார்த்து ஓர் உண்மை கண்டனர். அடுத்த தலைமுறைப் பெண்களுக்கு வேலை இல்லாமற் போகவில்லை. தட்டச்சு, உணவுவிடுதி என்று பிற வேலைகள் கிடைத்தன. ஏற்கெனவே அவ்வேலையில் இருந்தவர்களோ குறைந்த ஊதியத்துக்கு இறங்கினர், அல்லது வேலையை விட்டே விலகினர். சிகாகோவும் தங்கவயலும் எத்தனை தொலைவு! ஆயினும் வாசலில் அமர்ந்துவிட்ட அந்தத் தந்தை இரண்டு ஊரிலும் ஒருவரே.

ஆகவே, “பொறி வந்தால் வேலை இருக்குமா?” என்பதைக் காட்டிலும், “வேலை இடம் மாறும் அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இழப்பு யார் தலையில் விழும்?” என்பதே நாம் கேட்க வேண்டிய வினா என்பது என் கருத்து. அது நடுவயதினர் தலையிலும், எழுதப் படிக்கத் தெரியாதவர் தலையிலும்தான் விழுகிறது. ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, விழுந்தால் தாங்க நிலபுலன் ஏதும் இல்லாத நம் போன்ற குடும்பங்களில் அது இன்னும் கனமாக விழும்.

பொறி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உளர். அவர்களுக்கு 2023 ஜூன் 2-ஆம் நாளை நினைவூட்ட விரும்புகிறேன். அன்று மாலை ஒடிசாவில் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி, நேர்ப்பாதையில் செல்லப் பச்சை விளக்கு எரிந்தபோதே கிளைப்பாதையில் திரும்பி, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிற்று. தடம் புரண்ட பெட்டிகள், எதிர்ப்பாதையில் பெங்களூரிலிருந்து ஹவுரா சென்றுகொண்டிருந்த வண்டியின் பின்பகுதியைத் தாக்கின. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைப்புத் தேடித் தெற்கே வந்துகொண்டிருந்தவர் அவர்களுள் பலர், நம்மைப் போன்றவர்கள்தாம். அங்கே இருந்தது மின்னணு முறையில் சைகையையும் பாதையையும் பிணைக்கும் நல்ல அமைப்பு. ஆனால் பழுது பார்க்கும்போது சைகைக் கம்பிகளை மாற்றி இணைத்ததே தவறு என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணையிலே தெரிந்தது. ஒரு கம்பி பொய் சொன்னது. பொறி அதை மெய்யென்று நம்பிற்று. ஓட்டுநர் பொறியை நம்பினார். பொறிகள் பெருகுமிடத்தில் மனிதனுக்கு வேலை இல்லை என்பது சரியன்று. கம்பியை இணைப்பவன், இணைத்ததைச் சரிபார்ப்பவன், சரிபார்த்தேன் என்று கையொப்பமிட்டு அதற்குப் பொறுப்பேற்பவன் ஆகியோர் முன்னிலும் மிகுதியாக வேண்டும். புதுடில்லியில் ஓட்டுநரில்லா மெட்ரோ வண்டி 2020-இலேயே ஓடத் தொடங்கிற்று. நம் நகரத்திலும் பொம்மசந்திரா வரை செல்லும் மஞ்சள் பாதையில் 2025 ஆகஸ்டு முதல் ஓடும் வண்டிகள், ஓட்டுநரின்றி ஓடவல்லவையே. அவற்றையும் யாரோ விழித்திருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அன்பரின் இரண்டாம் வினாவுக்கு வருவோம். பிள்ளைகள் எதைப் படிப்பது? இன்ன படிப்பு என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. நிரல் எழுதும் படிப்பு என்றைக்கும் சோறு போடும் என்றார்கள். இப்போது கட்டுரை எழுதவும், படம் வரையவும், அந்த நிரலையே எழுதவும் செயற்கை நுண்ணறிவு என்ற பொறி வந்துவிட்டது. பத்தாண்டு கழித்து அது எதைச் செய்யும் என்று அதை ஆக்கியவர்களே ஒருமித்த கருத்தில் இல்லை. ஆதலின், தவறு நேர்ந்தால் யாரேனும் ஒருவர் விடை சொல்லியாக வேண்டிய வேலை எதுவோ, அதன் பக்கம் பிள்ளையைத் திருப்புங்கள் என்பேன். மின்பணியாளர், செவிலியர், சைகைப் பராமரிப்பாளர், கணக்குத் தணிக்கையாளர் என்று எத்தனையோ உண்டு. ‘படிப்பு முடிந்தது’ என்ற சொல்லை வீட்டில் வழங்காதிருப்பதும் நலம்.

கன்னடத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் பேசினால் கன்னடத்தில் ஒலிக்கும் கைப்பேசி வந்துவிட்டது. இனிக் கன்னடம் எதற்கு என்று நம் குடும்பங்களில் சிலர் பேசக் கேட்டேன். வீட்டுக்காரரிடம் வாடகைக்கு ஒரு திங்கள் தவணை கேட்கும்போது கைப்பேசியை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

என் நாற்காலியைப் பற்றிக் கேட்டாரல்லவா? எனக்கும் வயது முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து எட்டிப்பிடிக்கும் தொலைவில்தான் இருக்கிறது. வண்டியின் பின்பெட்டியில் கொடியோடு செல்லும் ‘கார்டு’ பதவிக்கான துறைத்தேர்வை இருமுறை எழுதித் தோற்றேன். அப்பதவிக்கு 2022-இல் ‘வண்டி மேலாளர்’ என்று பெயர் சூட்டினர். பெயர் உயர்ந்தது கண்டு என் மனைவிக்கு ஆவல் மிகுந்தது, தேர்வு மட்டும் எளிதாகவில்லை. மூன்றாம் முறையாக இரவில் படித்து வருகிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் எதிரில் அமர்ந்து, கணக்கில் யான் செய்யும் பிழைகளைத் திருத்துகிறாள். அதில் அவளுக்கு அளவிலா மகிழ்ச்சி.

இனிச் சங்கச் செய்தி. செயற்குழுவில் பேசி முடிவானபடி, வரும் திங்கள் முதல் ஒவ்வொரு மாதத்து முதல் ஞாயிறும் மாலை நான்கு மணிக்குச் சங்கக் கூடத்தில் ஒரு மேசை போடப்படும். மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் நால்வர் அமர இசைந்துள்ளனர். பயணச் சீட்டு எடுத்தல், ஆதார் எண்ணைப் பயணக் கணக்கோடு இணைத்தல் (தத்காலுக்கு 2025 ஜூலை முதல் இது கட்டாயம்), மின்கட்டணம் செலுத்துதல் ஆகியவற்றைப் பொறுமையாகக் கற்றுத்தருவர். பொறுமையாக என்பதை அவர்களிடம் இருமுறை சொல்லியிருக்கிறேன். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் எவரிடமும், மேசையில் அமர்ந்திருக்கும் அப்பிள்ளைகளிடமுங்கூட, சொல்ல வேண்டா.

அம்மேசையில் ஒரு விண்ணப்பமும் இருக்கும். எத்தனை பொறி வந்தாலும் ஒவ்வொரு நிலையத்திலும் ரொக்கம் வாங்கும், வாய்ச்சொல் கேட்கும் சாளரம் ஒன்றேனும் வண்டி ஓடும் நேரமெல்லாம் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. யான் அரசு ஊழியனாதலின் அதிற் கையொப்பமிட இயலாது. எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்ததோடு சரி. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைந்நாட்டு வைக்கலாம். திருப்பத்தூர் அம்மையார் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மை ஒற்றும் தட்டு ஒன்று வேண்டும்; வீட்டில் வைத்திருப்பவர் யாரேனும் கொண்டுவந்தால் உதவியாயிருக்கும். மூக்குக்கண்ணாடியையும் மறவாது கொண்டுவாருங்கள்.